முதல் தட்டை விட்டு வாசித்தவர்

2024 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். முதல் நாளே தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டை நாற்காலியில் இருந்தது. பால் வாங்கி வந்து காய்ச்சினேன். நான்கு இட்லி சாப்பிட்டேன். கீபோர்டுப் பையைத் திறந்து அடாப்டர், பெடல், கேபிள், மாற்றுக் கேபிள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஞாயிறுதோறும் பார்ப்பதுதான். ஏழு மணிக்கு உச்சிப்புளியிலிருந்து பைக்கில் கிளம்பினால் எட்டுக்குள் தங்கச்சிமடம் சபைக்குப் போய்விடலாம். ஆகஸ்டில் பாம்பன் பாலத்தின்மேல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். முதுகில் இருக்கும் கீபோர்டு அதைப் பாய்மரம்போல் பிடித்துக்கொள்ளும். அதனால் பாலத்தில் மட்டும் ஏதாவது ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கி மெதுவாகப் போவேன். அன்றும் அப்படித்தான் போனேன்.

அன்றைய ஆராதனை எங்கள் சபையில் பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு ஒரு பரீட்சை. அடுத்த மாதக் கடைசியில் மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம் இருந்தது. புதன்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டார். இந்த ஞாயிறு ஆராதனை தடங்கல் இல்லாமல் போனால் கூட்டத்துக்கும் அவரே வாசிக்கலாம். தடங்கல் வந்தால் இனிமேல் பேஸ் கிட்டார் வேண்டாம். கீபோர்டின் இடது பாதியைப் பிரித்து, நானே என் இடது கையால் பேஸையும் வாசித்துவிட வேண்டும். பேஸ் வாசிப்பவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. பாஸ்டர் பல மாதங்கள் பொறுத்துப் பார்த்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேஸ் வாசிப்பவரை ஊரில் எல்லோரும் டிரைவர் என்பார்கள். எனக்கு டிரைவர் அண்ணன். இளவயதிலிருந்து விசைப்படகு ஓட்டியவர். பிறகு கடலுக்குப் போவதை நிறுத்தி, கரையில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளன், வாத்தியார் இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். எங்கள் மேடையில் இடமிருந்து வலமாக டிரம்ஸ், பேஸ், கீபோர்டு என்பது வரிசை. பத்தொன்பது வருடம் நான் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் வாசிப்பைப் பற்றி இதுவரை எங்கும் யாரும் எழுதியதில்லை. எழுத வேறு யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை முடிந்தவரை சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

பேஸ் வாசிக்கும் எவரும் தாளத்தின் முதல் தட்டில் வந்து விழுவார்கள். அதுதான் பேஸின் வேலை என்று எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். டிரைவர் அண்ணன் முதல் தட்டை விட்டுவிடுவார். டிரம்ஸ் அடிக்கும், ஜனங்கள் கை தட்டும், அந்த இடத்தில் பேஸ் இருக்காது. ஒரு மூச்சு கழித்து, கீழேயிருந்து ஒரு சுரம் வழுக்கிக்கொண்டு மேலே வந்து உட்காரும். வீட்டுக்கு வந்தவர் வாசலில் கொஞ்சம் நின்று, பிறகு உள்ளே வருவதுபோல் இருக்கும். பாட்டு முழுவதும் அவர் தொடும் சுரங்கள் நான்கு, மிஞ்சினால் ஐந்து. சில சபைகளில் பேஸ் வாசிக்கும் பையன்கள் ஒரு வரிக்குள் இருபது சுரம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி இவரிடம் கேட்டால், "நல்லாத்தேன் ஓடுறாய்ங்க. எங்க போறாய்ங்கன்னுதேன் தெரியல" என்பார்.

கம்பிகளை அவர் மாற்றியதே இல்லை. புதுக் கம்பி பளபளவென்று சத்தம் போடும், அது அவருக்குப் பிடிக்காது. போதாததற்குக் கம்பிகள் முடிகிற இடத்தில் அடியில் பழைய செருப்பு ரப்பரில் ஒரு துண்டு வெட்டிச் செருகி வைத்திருந்தார். வலைக்கு மிதப்பாகக் கட்டுவார்களே, அதே ரப்பர். அதனால் ஒவ்வொரு சுரமும் எழுந்த உடனே அடங்கும். நாற்பது ஐம்பது பேர் உட்காரும் தகரக் கூரை போட்ட கூடத்தில் நீளமாக நிற்கும் பேஸ் சத்தம் சுவரில் மோதிக் குழம்பிவிடும். இவர் சத்தம் குழம்பாது. காதால் கேட்பதற்கு முன் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அது தெரியும்.

எங்கள் சபையில் பாட்டுக்குச் சுருதி சொல்லும் வழக்கம் இல்லை. பாஸ்டர் கண்ணை மூடுவார், அவருக்கு வந்த சுருதியில் ஒரு பல்லவியை எடுப்பார். நாங்கள் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். நான் கீபோர்டில் சத்தத்தைக் குறைத்து ஒவ்வொரு கட்டையாகத் தடவிக்கொண்டிருக்கும்போது டிரைவர் அண்ணன் பிடித்திருப்பார். கிட்டாரின் மேல்பக்கம் கொம்புபோல் நீட்டியிருக்கும் முனையைத் தூக்கித் தன் தாடையில் அழுத்திக்கொள்வார். கம்பியை வெளியே கேட்காதபடி ஒருமுறை தொடுவார். அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பாமலே விரலால் எந்தச் சுருதி என்று காட்டுவார். எஞ்சின் பார்க்கும்போதும் அவர் அப்படித்தான். ஒரு நீளத் திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைத் தாடையில் அழுத்தி, உள்ளே எந்த இடம் தட்டுகிறது என்று கேட்பார். தீவில் வேறு சபைகளில் பேஸ் வாசிக்கும் இரண்டு பேர் இவரைப் பார்த்துத் தாங்களும் கிட்டாரைத் தாடையில் வைக்கத் தொடங்கினார்கள். அது ஒரு ஸ்டைல் என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்கும் நெடுநாள் அப்படித்தான் நினைப்பு.

இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்று நான் அவரைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார். பட்டறையில் நட்டு கழற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டால் பாதி சொல்வார்.

சிறு வயதில் அவர் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவில் பேண்டு வாத்தியத்தோடு பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு போனவர். அது ஒன்று. டீக்கடை ஸ்பீக்கர்ப் பெட்டிக்குப் பின்னால் நின்று சினிமாப் பாட்டுக் கேட்டது இன்னொன்று. முன்னால் நின்றால் பாட்டுக் கேட்கும், பின்னால் நின்றால் பேஸ் மட்டும் கேட்கும் என்று அப்போதே கண்டுபிடித்துவிட்டாராம். மூன்றாவது ஒரு கேசட். பெரியபட்டினத்துக்காரர் ஒருவர் துபாயில் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிப் படகு வாங்கியிருந்தார். எஞ்சின் வேலைக்காக இவரிடம் வந்து பழக்கமானவர். துபாயில் அவருடைய அறையில் தங்கியிருந்த ஆப்பிரிக்கர் ஒருவர் விட்டுப்போன கேசட் அது. மேலே பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. "இது உங்க வேதப் பாட்டு மாரி இருக்குப்பா. எனக்கு எதுக்கு, நீ வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனாராம். பெரிய பாடகர் குழு, ஆங்கிலத்தில் பாட்டு, ஓயாத கைதட்டல், அத்தனைக்கும் அடியில் ஒரு பேஸ். அந்தக் கேசட்டை நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பேஸை வாசித்த ஆள் யார், எந்த ஊர், இருக்கிறாரா இல்லையா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. டிரைவர் அண்ணன் அவரை "அந்தாளு" என்பார். "அந்தாளு இந்த எடத்துல கைய எடுத்துருவாரு பாரு" என்பார், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல்.

எல்லாவற்றையும்விடப் பெரியது எஞ்சின். மீன்பிடித் தடைக்கால மாதங்களில் படகைக் கரையோரம் நங்கூரம் போட்டு நிறுத்தியிருப்பார்கள். எஞ்சின் துருவேறாமல் இருக்க அவ்வப்போது யாராவது போய் ஓட்டிவிட்டு வர வேண்டும். அந்த வேலையை இவர் கேட்டு வாங்கிக்கொள்வார். பேஸ் கிட்டாரை ஒரு பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி வள்ளத்தில் எடுத்துப் போவார். படகில் மின்சாரமும் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியும் கிடையாது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கிட்டார் தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அதைத் தாடையில் அழுத்திக்கொண்டு வாசிப்பார். வருடக்கணக்கில் அவருக்குப் பயிற்சி அதுதான்.

"எஞ்சின் மெதுவா ஓடயில ஒரு தட்டு கனமா விழும்ல வாத்தியாரே. முதத் தட்ட அது அடிச்சிருது. அது அடிக்கிற எடத்துல நானும் போயி எதுக்கு அடிக்கணும்? அது அடிச்சு முடிக்கட்டும்னு நிப்பேன்."

இதைச் சொன்ன அன்று எனக்கு ஒரு பெரிய உண்மை கையில் கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். எஞ்சினிடமிருந்து பேஸ் கற்றவர் என்று. அந்த எஞ்சின் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டிருந்தது என்று அப்போது எழுதவில்லை. தெரியாது.

போன வருடத் தொடக்கத்தில் அவர் மனைவிதான் முதலில் சொன்னார். "டிவிய வச்சா நாலு வீட்டுக்குக் கேக்குது தம்பி. எஞ்சினுக்குள்ள இருக்கிற நட்டு பேசுறது கேக்கும், பொண்டாட்டி பேசுறது மட்டும் கேக்காது இவுகளுக்கு." நாங்கள் மூவரும் சிரித்தோம். டிரைவர் அண்ணன் நாங்கள் சிரிப்பதைப் பார்த்து, கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

பிறகு கவனித்தேன். சுருதி பிடிப்பதில் நான் அவரை முந்தத் தொடங்கியிருந்தேன். பாட்டின் வரிகள் அவருக்குக் கேட்கவில்லை. பாஸ்டரின் வாயைப் பார்த்தார், டிரம்ஸ் அடிப்பவரின் காலைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். மே மாத விடுமுறையில் அவரை எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் இசைக்கவைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினேன். பெரிய கவைகளுக்கு உடனே தலையசைத்தார். கவை சிறிதாகச் சிறிதாக நான் கிட்டக் கிட்டப் போக வேண்டியிருந்தது. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. ஒரே கவையை இடது காதில் வைத்தபோதும் வலது காதில் வைத்தபோதும் அவர் முகம் வேறு வேறாக மாறியது.

"ரெண்டும் வேற வேற சுதி" என்றார். "ஒண்ணுதாண்ணே" என்றேன். அவர் கவையை என் கையிலிருந்து வாங்கி, தானே தட்டி, ஒரு காதிலும் மறு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்துவிட்டு, "கடையில குடுத்து மாத்து வாத்தியாரே, இது சரியில்ல" என்றார்.

ராமநாதபுரத்தில் காது மருத்துவரிடம் நான்தான் கூட்டிப் போனேன். நரம்பு போய்விட்டது, வராது, இனிமேல் குறையத்தான் செய்யும் என்று அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னேன். எழுதிக் காட்டினார். காது மிஷின் வாங்கினோம். இரண்டு ஞாயிறு மாட்டிக்கொண்டு வந்தார். டிரம்ஸில் பித்தளைத் தட்டை அடிக்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. "பாத்திரம் வெளக்குனா பட்டாசு வெடிக்குது. பாட்டு தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுன மாரி இருக்கு" என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அது பையிலேயே இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் வாசித்தார். விரல்களுக்குப் பாட்டுகள் தெரியும். கிட்டாரின் கட்டைகளைக் கண்ணால் பார்த்து வாசிக்கலாம். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்று முன்கூட்டித் தெரிந்துவிட்டால் காது இல்லாமலும் ஓட்டிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அதனால்தான் புதன்கிழமை பாஸ்டரிடம் ஓர் ஒப்பந்தம் கேட்டேன். ஞாயிறன்று நான்கே பாட்டு, எழுதிக் கொடுத்த வரிசையில், எழுதிக் கொடுத்த சுருதியில். பல்லவிக்குத் திரும்பும்போது நான் தலையை ஒருமுறை சாய்ப்பேன், பாட்டை முடிக்கும்போது இருமுறை.

பாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியே பாடுறேன் பிரதர். ஆனா ஆராதனைய நான் நடத்துறதில்ல, ஆவியானவர் நடத்துறாரு, அது ஒங்களுக்குத் தெரியும்ல" என்றார்.

தெரியும். எங்கள் சபைக்கு ஜனங்கள் வருவதே அதற்காகத்தான். வரிசைப்படி பாடி முடிக்கும் சபைகள் தீவில் வேறு இருக்கின்றன. எங்கள் பாஸ்டர் பாடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவார், அழுவார், யாருக்கோ தேவையான ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வேறு பாட்டுக்குள் போவார். அந்த இடத்தில்தான் ஜனங்கள் உடைந்து அழுவார்கள். அதை நிறுத்தச் சொல்லிக் கேட்பது ஒருவருடைய பிரார்த்தனையை இத்தனை மணிக்குள் முடியுங்கள் என்று சொல்வதுபோல. ஆனாலும் கேட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

எட்டரைக்கு ஆராதனை தொடங்கியது. முதல் பாட்டு எந்தத் தடங்கலும் இல்லாமல் போனது. டிரைவர் அண்ணன் என் தலையையே பார்த்துக்கொண்டு வாசித்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் என் பக்கம் இவ்வளவு நேரம் திரும்பி உட்கார்ந்ததில்லை. நெற்றியில் வியர்வை நின்றது.

இரண்டாவது பாட்டு ஆறு எண்ணிக்கையில் ஆடும் மெதுவான பாட்டு. அதில் இரண்டாம் சரணத்தின் கடைசி வரியில் எல்லோரும் மேல் சுரத்துக்கு ஏறுவோம். பாஸ்டர் ஏறினார், நான் ஏறினேன். டிரைவர் அண்ணன் ஏறவில்லை. கீழே, தடித்த கம்பியில், ஒரே சுரத்தில் நின்றுகொண்டார். நாங்கள் மேலே போகப் போக அந்தச் சுரம் கீழே அப்படியே நின்றது. தூரம் கூடிக்கொண்டே போனது. கடல் நடுவில் படகு போய்க்கொண்டிருக்கும்போது கீழே ஆழம் கூடுவதைப் போல ஓர் உணர்வு எனக்கு வந்தது. எத்தனையோ முறை வாசித்த பாட்டு. அந்த வரி ஒரு வேண்டுதல் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. பல்லவிக்கு நான் தலையைச் சாய்த்ததும் மெதுவாக வழுக்கி வந்து சேர்ந்தார்.

மூன்றாவது பாட்டு வேகமானது. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவருக்குப் பிடித்த பாட்டு அது. அந்தக் கேசட்டு ஆள் எல்லாக் குணங்களோடும் இவர் விரல்களுக்கு வந்துவிடுவார். ஒரு தட்டு விட்டு, கீழிருந்து ஏறி, கையை எடுத்து, மறுபடி ஏறி. என்னையறியாமல் என் தோள் ஆடியது. அவரைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார்.

பல மாதங்களில் அவர் மேடையில் கண்ணை மூடியது அன்றுதான். கிட்டாரின் கொம்பு தாடையில் இருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் ஒரு பெண் எழுந்து முன்னால் வந்து முழங்காலில் விழுந்தாள். அவள் கணவன் போன படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, ஆள் அந்தப் பக்கம் சிறையில் இருந்தான். பாஸ்டர் அவளைப் பார்த்தார். பாடிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டார். கையை உயர்த்தினார். டிரம்ஸ் நின்றது, நானும் நிறுத்தினேன். தாழ்ந்த குரலில், முற்றிலும் வேறு சுருதியில், எழுதிக் கொடுத்த வரிசையில் இல்லாத ஒரு பழைய பாட்டின் வரியை எடுத்தார்.

நான் தலையைச் சாய்த்தேன். இருமுறை, நான்குமுறை. மூடிய கண்ணுக்குத் தலை சாய்த்து என்ன பயன்? கீபோர்டு ஸ்டாண்டுக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மாட்டியிருந்த எனக்குக் கை எட்டவில்லை.

கூடம் முழுக்க அமைதியாக இருந்தது. ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். ஒரு மனிதர் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார். அதன்மேல் டிரைவர் அண்ணனின் பேஸ் துள்ளிக்கொண்டிருந்தது. முதல் தட்டை விட்டு விட்டு. துணைக்கு ஒன்றுமே இல்லாமல் தனியாகக் கேட்டபோதும் அதில் ஒரு சுரம் பிசகவில்லை. நான் கேட்ட அவர் வாசிப்பிலேயே சிறந்தது அதுதான் என்று இப்போதும் சொல்வேன். பின்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. டிரம்ஸ் அடிப்பவர் குச்சியின் முனையால் அவர் தோளைத் தொட்டார்.

கண்ணைத் திறந்தார். டிரம்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கீழே முழங்காலில் இருந்தபடி தன்னைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தார். கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினார். ஆம்ப்பின் திருகைக் கடைசிவரை திருகி அணைத்தார். கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, மேடையிலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடியும்வரை இறங்கிப் போகவில்லை. நான்காவது பாட்டு பேஸ் இல்லாமல் நடந்தது.

முடிந்ததும் பாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாயைப் பெரிதாகத் திறந்து, மெதுவாக, "தப்பு என் மேல, பிரதர்" என்றார். டிரைவர் அண்ணன், "இல்ல பாஸ்டர், அந்தப் புள்ளைக்காகப் பாடுனீங்க. அதுக்குத்தான பாட்டு" என்றார். கேட்டுச் சொன்னாரா, ஊகித்துச் சொன்னாரா, தெரியவில்லை. பாஸ்டர் என் பக்கம் திரும்பி, "நாளைக் காலையில சொல்லுங்க. நீங்க வாசிக்கலன்னா வெளிய ஆள் பாக்கணும்" என்றார். நான் கேபிள்களைக் கழற்றிப் பையில் போட்டேன்.

மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். வழக்கம்தான். அவர் மனைவி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். ஓடுகளை உடைத்துச் சாப்பிட்டோம். கை கழுவி வந்து உட்கார்ந்ததும் டிரைவர் அண்ணன் கேட்டார்.

"இன்னைக்கி நான் வாசிச்சது எப்பிடி இருந்துச்சு வாத்தியாரே? கடைசிக் கூத்த விடு. அதுக்கு முன்னாடி."

பத்தொன்பது வருடத்தில் அவர் கேட்காத கேள்வி. நானும் இத்தனை வருடத்தில் அவரிடம் "பரவால்லண்ணே" என்பதற்குமேல் எதுவும் சொன்னதில்லை. மேடையில் பக்கத்தில் உட்காருபவர்கள் அப்படியெல்லாம் பேசிக்கொள்வதில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அவர் மனைவி அவருடைய வலது காதருகே குனிந்து, "நல்லா வாசிச்சீகளாம்! தம்பி சொல்லுது!" என்று கத்தினார்.

"வேற என்ன சொல்லுவாரு. சோறு போட்ட வீட்டுல ஒக்காந்துகிட்டு."

"கொழம்பு வச்சது நானு. என்னையத்தான் நல்லாருக்குன்னு சொல்லணும் அதுக்கு" என்றார் மனைவி. அவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த எடத்துல நல்லாருந்துச்சு? எடத்தச் சொல்லு" என்றார்.

அவர் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். சோதித்தால் என்னிடம் சரியான விடை இருந்தது. ரெண்டாவது பாட்டு, ரெண்டாவது சரணம், கடைசி வரி என்று விரலால் காட்டினேன். நாங்கள் மேலே போனதையும் அவர் கீழேயே நின்றதையும் இரண்டு கைகளையும் ஏற்றியும் தாழ்த்தியும் வைத்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. என் தாழ்ந்த கையைப் பார்த்தார்.

"அதுவா? அது நான் தெரிஞ்சு வாசிக்கல. அந்த எடத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. நீங்கள்லாம் எங்கன இருக்கீங்கன்னே தெரியல. அசைஞ்சா தப்பாயிரும்னு இருந்த எடத்துலயே நின்னுக்கிட்டேன்."

பனிமூட்டத்தில் வழி தெரியாமல் படகை நிறுத்திப் போடுவதுபோல் அவர் நின்றிருக்கிறார். நான் அதை ஒரு வேண்டுதல் என்று கேட்டிருக்கிறேன். போன வருடம் நான் வியந்து எழுதியவை வரிசையாக மனதில் வந்தன. ஈஸ்டர் ஆராதனையில் ஒரு வரி முழுக்க வாசிக்காமல் விட்டது. ஒரு ஜெபப் பாட்டில் எல்லோருக்கும் பிந்தி வந்தது. இதில் எது அவர் வாசித்தது, எது அவருக்குக் கேட்காதது?

அவர் மனைவியிடம் சொல்லி, காதில் கேட்கச் சொன்னேன். எப்போதிலிருந்து இப்படி?

"அது யாருக்குத் தெரியும்? கேக்காததத் தெரிஞ்சுக்க எனக்கு மட்டும் எப்பிடி முடியும்? படகுலருந்து எறங்குனப்பவே காதுக்குள்ள எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்பவும் ஓடுது. எல்லாருக்கும் அப்பிடித்தேன்னு நெனச்சேன்."

"இருந்தாலும் அது நல்லாத்தான் இருந்துச்சுண்ணே" என்றேன். அவர் மனைவி அதை அவர் காதில் சொல்லவில்லை. சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

நான் அதை மறுபடி உரக்கச் சொல்லவில்லை. எனக்கு அது உண்மை. அந்தச் சுரம் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும் என் காதுக்கு அது ஒன்றுதான். ஆனால் அவருக்கு ஒன்றல்ல. வழி தெரியாமல் நின்றவரிடம் போய் நின்ற இடம் அழகாக இருந்தது என்று சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும்? இவ்வளவு நாள் எனக்குள் சேர்த்து வைத்திருந்த பாராட்டை, கேட்கும் காது இருந்தபோது சொல்லாமல் விட்டு, இப்போது கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்திச் சொல்லும்போது எந்தப் பாராட்டும் ஆறுதல்போலத்தான் ஒலிக்கிறது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நீயே வாசிச்சிரு. வெளிய ஆள் புடிச்சா இருபது சுரம் ஓடுவான். ஒனக்கு ஓடத் தெரியாது, அது ஒண்ணு நல்லது" என்றார்.

"சபைக்கு வருவீங்கள்லண்ணே?" என்று வாயைத் தெளிவாக அசைத்துக் கேட்டேன்.

"வாரேன். வந்து ஒக்காருவேன். பாட்டுக் கேக்காது, சத்தந்தேன் கேக்கும். அந்தச் சத்தத்துக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் நடக்கணும்னு ஒரு நாள் தோணும். அன்னைக்கி வரமாட்டேன்."

பைக்கைக் கிளப்பினேன். பாலத்தில் காற்று குறைந்திருந்தது. நான்கரை மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பையிலிருந்த கேபிள்களைச் சுருட்டிக் கட்டினேன். மனைவி ஆராதனை எப்படி என்று கேட்டதற்கு, பரவாயில்லை என்றேன். நாட்குறிப்பில் தேதியையும் பாடிய பாட்டுகளின் வரிசையையும் எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை. இரண்டாம் பாட்டைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் என்ன எழுதுவது, யார் வாசித்தார் என்று எழுதுவது?

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலையாக, பல் துலக்குவதற்கு முன்பே, படுக்கையில் உட்கார்ந்தபடி போனை எடுத்து, கூட்டத்துக்கு நானே வாசிக்கிறேன் என்று பாஸ்டருக்குச் செய்தி அனுப்பினேன்.